அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல்: குடிமையியல் கேள்விகளில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள்

முதலில் உங்களுக்கு எந்தத் தேர்வு என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தை 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ தாக்கல் செய்தவர்களுக்குப் புதிய தேர்வு. பட்டியலில் 128 கேள்விகள். அதிகாரி 20 வரை கேட்பார், 12 சரியாக இருக்க வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார்; 9 தவறானாலும் அங்கேயே நிறுத்திவிடுவார். "நூறு கேள்வி படித்தால் போதும், பத்து கேட்பார்கள், ஆறு சொன்னால் பாஸ்" என்று சொல்லும் வீடியோக்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவை பழைய தேர்வுக்கானவை. கணக்கில் வருவது விண்ணப்பம் போட்ட தேதி, நேர்காணல் தேதி அல்ல.

குடிமையியல் தேர்வு முழுவதும் வாய்மொழி. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மொபைல் ஆப்களை மட்டும் நம்பிப் படிப்பவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். விடையைப் பார்த்தால் தெரிகிறது, கேட்டால் வாயில் வருவதில்லை. வீட்டில் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, வரிசையை மாற்றி மாற்றி, சத்தமாகப் பதில் சொல்லிப் பழகுங்கள். சில கேள்விகளுக்கு ஒரு விடை போதும், சிலவற்றுக்கு இரண்டு, மூன்று, ஐந்துகூடத் தேவை. கேட்ட எண்ணிக்கையைச் சொன்னதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

128 விடைகளையும் தனித்தனியாக நெட்டுரு போடுவது வீண் உழைப்பு. புதிய பட்டியலில் "ஏன்" என்று கேட்கும் கேள்விகள் கணிசமாக உண்டு. அமைப்பு புரிந்தால் பாதி விடை தானாக வரும். இந்தியாவில் குடிமையியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: இந்தியா, அமெரிக்கா இரண்டும் கூட்டாட்சி, இரண்டிலும் இரு அவைகள், உச்ச நீதிமன்றம், எழுதப்பட்ட அரசியலமைப்பு. ஒத்துப்போகிற இடங்கள் இத்தனை இருப்பதால், மாறுபடுகிற இடத்தில் பழைய பாடம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

பிரதமர் என்ற பதவியே அமெரிக்காவில் இல்லை. நாட்டின் தலைவரும் நிர்வாகத்தின் தலைவரும் படைகளின் தலைமைத் தளபதியும் ஒரே ஆள், அதிபர். இந்தியாவில் அமைச்சராக இருக்க நாடாளுமன்ற உறுப்பினராக வேண்டும். அங்கே நேர்மாறு, காங்கிரஸ் (செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றம்) உறுப்பினராக இருந்துகொண்டு அமைச்சரவையில் இருக்க முடியாது. ஹிலாரி கிளின்டன் 2009-இல் வெளியுறவு அமைச்சரானபோது செனட் பதவியைத் துறந்தது அதனால்தான். ஆளுநரை மத்திய அரசு அனுப்புவதில்லை, மாநில மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சின்ன மாநிலத்துக்கு ஒன்று. செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு.

இந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எண்கள் வரிசையாக வந்துவிடும். 50 மாநிலம், தலா 2, ஆக செனட்டர்கள் 100. பிரதிநிதிகள் சபையில் 435; இது மக்கள்தொகைப்படி பிரிக்கப்படுவது. "சில மாநிலங்களுக்கு மட்டும் ஏன் அதிகப் பிரதிநிதிகள்?" என்ற கேள்விக்கு விடையே இதுதான். 100-ம் 435-ம் சேர்ந்து 535. அதிபர் தேர்தலில் தலைநகர் வாஷிங்டனுக்கு அரசியலமைப்பின் 23-ஆவது திருத்தம் கொடுத்த 3 வாக்குகளைச் சேர்த்தால் 538. இதுதான் தேர்வாளர் குழுவின் மொத்த எண்ணிக்கை. பாதிக்கு மேல் என்றால் 270. அதிபரைத் தேர்ந்தெடுப்பது இந்தக் குழுதான், நாடு முழுவதும் எண்ணிய வாக்குகளின் மொத்தம் அல்ல. 2000-லும் 2016-லும் மக்கள் வாக்கு குறைவாகப் பெற்றவரே அதிபரானார்.

பதவிக்காலங்களையும் காரணத்தோடு படியுங்கள். பிரதிநிதிக்கு 2 ஆண்டு, மக்கள் கருத்தை நெருக்கமாகப் பின்தொடர வேண்டும் என்பதற்காக. செனட்டருக்கு 6. அதிபருக்கு 4, இரண்டு முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம். அந்த வரம்பு 22-ஆவது திருத்தம். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேர், ஆயுள் பதவி, அரசியல் அழுத்தமின்றித் தீர்ப்புச் சொல்வதற்காக. வழக்கமாக ஒரு வழக்கை முடிவு செய்ய 5 பேர் வேண்டும்.

உரிமைகள் பகுதியில் அதிகம் சறுக்குவது ஒரே இடத்தில். அமெரிக்காவில் வாழும் எல்லோருக்குமான உரிமைகள் என்று கேட்டால் பேச்சுரிமை, மதச் சுதந்திரம், கூடும் உரிமை, அரசிடம் முறையிடும் உரிமை போன்றவை. கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது, போட்டியிடுவது, ஜூரியில் (நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழு) அமர்வது ஆகியவை குடிமக்களுக்கு மட்டும். கேள்வியில் "எல்லோரும்" என்று வருகிறதா, "குடிமக்கள்" என்று வருகிறதா என்பதைக் காதில் வாங்கிவிட்டுப் பேசுங்கள்.

அரசியலமைப்புக்கு இதுவரை 27 திருத்தங்கள். முதல் பத்தும் 1791-இல் வந்த உரிமைகள் சாசனம். வாக்குரிமை பற்றிய திருத்தங்கள் நான்கு: 15 இனத்துக்காக, 19 பெண்களுக்காக, 24 வாக்களிக்க வரி வாங்கக் கூடாது என்பதற்காக, 26 வயது 18 என்பதற்காக. ஒன்றை விளக்கச் சொன்னால் 26-ஐச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சிறு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

உங்கள் மாநில செனட்டர் யார் என்பதுபோல் பெயர் கேட்கும் கேள்விகளில் கவனம். கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்களுக்குத் தனியாக மாநில செனட்டும் உண்டு. கேட்பது வாஷிங்டனுக்குப் போன செனட்டரை. வீட்டுக்கு வரும் துண்டறிக்கையில் செனட்டர் என்று பார்த்த பெயரைச் சொன்னால் தவறாகிவிடலாம். தேர்தல் நடந்து ஆள் மாறினால் விடையும் மாறும். நேர்காணலுக்கு முந்தைய வாரம் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

ஆங்கிலப் பகுதியில் மூன்று வாக்கியங்களில் ஒன்றைப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். சின்ன எழுத்துப்பிழை பொருளைக் கெடுக்காவிட்டால் பரவாயில்லை. சொல்லைச் சுருக்கி மட்டும் எழுதாதீர்கள். பேசும் ஆங்கிலத்தை அவர்கள் அளப்பது என்-400 கேள்விகளில்தான். ஆமாம், இல்லை என்று டிக் செய்ததோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு கேள்வியின் பொருளையும் எளிய ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வயதான அம்மா அப்பாவுக்குச் சலுகைகள் உண்டு. விண்ணப்பிக்கும்போது 50 வயதும் கிரீன் கார்டோடு 20 ஆண்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆகியிருந்தால் ஆங்கிலம் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம், ஆனால் 128 கேள்விகளும் உண்டு. 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்கள் நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளைப் படித்தால் போதும். 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் திருத்தம் என்பாரா அமெண்ட்மெண்ட் என்பாரா என்று முன்பே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு சொல்லில் படித்து அங்கே வேறு சொல்லைக் கேட்டால், தெரிந்த விடையும் தொண்டையில் நின்றுவிடும்.

தவறிய பகுதிக்கு மட்டும் 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதிலும் தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

வாக்காளர் பதிவில் இருக்கும் ஆபத்து தேர்வில் தவறுவதைவிடப் பெரியது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்தில், 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர் பதிவையும் சேர்த்தே கேட்பார்கள். கிரீன் கார்டுக்காரர் படிக்காமல் அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் குடிமகன் என்று பொய் சொன்னதாகிவிடும். நாடுகடத்தல் வரை போகக்கூடிய விஷயம். என்-400-இல் இதை நேரடியாகக் கேட்கிறார்கள். தெரியாமல் எப்போதோ பதிவாகியிருந்தால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். நேர்காணலில் பாஸ் என்று சொன்னவுடனேயே நீங்கள் குடிமகன் ஆகிவிடுவதில்லை. உறுதிமொழி எடுத்த பிறகுதான் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கை வைக்க வேண்டும்.