ஜூலைக்காக ஓர் அக்டோபர்

ஹெல்சிங்கியிலிருந்து தம்பெரே வரை ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். எதிர் இருக்கையில் குழுத் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அவருடைய கோரா என்ற நரம்பு வாத்தியம், பெட்டிக்குள். என் மடியில் 2020 ஜூலை மாதம். ஒற்றைத் தாளில் 31 கட்டம் போட்டு வைத்திருந்தேன். மூன்று கட்டங்களில்தான் பென்சில் எழுத்து: 4-ஆம் தேதி நார்வே, 18 போர்ச்சுகல், 25 இங்கிலாந்து. மூன்றும் சனிக்கிழமை. நடுவில் கிடக்கும் வெற்றுக் கட்டங்களை நிரப்பத்தான் இந்தப் பயணம். அன்று 2019 அக்டோபர் 23, புதன்கிழமை.

நான் புக்கிங் ஏஜென்ட். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஏழு பேர் கொண்ட குழுவுக்கு ஐரோப்பாவில் மேடை பிடித்துத் தருவது என் வேலை. விழாக்காரர்களிடம் பேசி, தேதி, ஊதியம், தங்குமிடம், விசாவுக்கான அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் முடித்து ஒப்பந்தம் போடுவேன். ஊதியத்தில் 15 சதவீதம் எனக்கு. நிகழ்ச்சி நடந்தால்தான் அதுவும். மேனேஜர், டூர் மேனேஜர் என்று தனித்தனி ஆட்கள் பெரிய குழுக்களுக்கு உண்டு. எங்களுக்கு அந்த வருஷம் மூன்றும் நானே.

தம்பெரேயில் இறங்கினால் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தம்பெரே-தாலோ என்ற பெரிய இசை மாளிகையில்தான் வோமெக்ஸ். 1994-இல் பெர்லினில் தொடங்கிய உலக இசைச் சந்தை இது. அக்டோபர்தோறும் கூடும். ஊர் மட்டும் மாறும். புதன் இரவு தொடக்கக் கச்சேரி. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பகலில் சந்தை, இரவில் ஷோகேஸ். ஞாயிறு விருது. ஷோகேஸ் என்றால் ஒரு குழுவுக்கு முக்கால் மணி நேரம், எதிரே முழுக்க முழுக்க விழாக்காரர்கள். எந்தக் குழுவுக்கு அந்த முக்கால் மணி நேரம் என்று முடிவு செய்கிற ஏழு பேர் கொண்ட நடுவர் குழுவுக்கு ‘ஏழு சாமுராய்கள்’ என்று பெயர். நாங்களும் விண்ணப்பித்திருந்தோம். கிடைக்கவில்லை. இருந்தாலும் வந்தோம். ஷோகேஸ் கிடைக்காதவர்களுக்குச் சந்தை இருக்கிறது, நடுக்கூடத்து மேஜைகள் இருக்கின்றன.

இந்த ‘உலக இசை’ என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1987 ஜூன் 29 அன்று லண்டனில் ‘எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா’ என்ற மதுக்கூடத்தின் மாடியில் சிறிய இசைத்தட்டு நிறுவனங்கள் சில கூடி ஓட்டெடுத்து வைத்த பெயர் அது. மாலியின் இசைத்தட்டைக் கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் தவித்தார். அதற்கு ஒரு தலைப்பு வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய தேவை. குழுத் தலைவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. “என் ஊரில் இதற்குப் பெயர் இசை” என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்த அடுக்கு இல்லாமல் போயிருந்தால் இந்தச் சந்தையும் இல்லை, என் ஜூலைத் தாளும் இல்லை. இரண்டும் உண்மை என்பதால் நான் அவரிடம் வாதாடுவதில்லை.

வியாழக்கிழமை காலை முதல் அரை மணிக்கு ஒருவர் என்று சந்திப்புகள். முதல் தடவை இங்கே வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, ஹெட்போனை நீட்டுவது. எதிரே உட்காருகிற புரோகிராமர், அதாவது விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர், பெரும்பாலும் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார், பிடிக்காவிட்டால் வந்தே இருக்கமாட்டார். அவருடைய முதல் கேள்வி இசையைப் பற்றியதாக இருக்காது. “எத்தனை பேர்? அந்த வாரம் எங்கே இருப்பீர்கள்? அடுத்த நாள் எங்கே போகிறீர்கள்?” இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் பேச்சு நடக்கும்.

காரணம் எளிய கணக்கு. ஏழு பேரைக் கண்டம் தாண்டி அழைத்து வருகிற விமானச் செலவு, ஒரு மேடை என்றாலும் ஒன்பது மேடை என்றாலும் ஒன்றுதான். ஒரே ஒரு விழாவுக்கு வந்து திரும்பினால் ஊதியம் முழுவதும் விமானத்துக்கே போய்விடும். ஒன்பது மேடை கிடைத்தால் மேடைக்கு ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் கோடை விழாக்கள் எல்லாம் வார இறுதியில் குவிந்திருக்கும். ஜூலை முதல் வாரத்திலேயே நார்வேயில் ஃபோர்டெ, ஜெர்மனியில் ருடோல்ஸ்டாட். மாதக் கடைசியில் போர்ச்சுகலின் சினெஷ், இங்கிலாந்தின் வோமாட். சனிக்கும் அடுத்த சனிக்கும் நடுவே ஆறு நாள். அந்த ஆறு நாளும் ஏழு பேர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், கைச்செலவுக்குப் பணம் வேண்டும். சனிக்கிழமைகளை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். செவ்வாய்க்கிழமையை விற்கத் தெரிந்தவர்தான் ஏஜென்ட் என்று எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் அடிக்கடி சொல்வார்.

வியாழன் பிற்பகல் நடந்ததை விரிவாக எழுத ஆசை. மூன்று மணிக்கு நார்வே விழாப் புரோகிராமர் வந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி. 4-ஆம் தேதிக்கு முதல் ஹோல்ட் அவருடையது. ஹோல்ட் என்றால் கையெழுத்துக்கு முன்னால் தேதியைப் பிடித்து வைப்பது. முதல் ஹோல்ட், இரண்டாம் ஹோல்ட் என்று வரிசை உண்டு. வாய்வார்த்தைதான், ஆனால் மீறினால் அடுத்த வருஷம் யாரும் மேஜைக்கு வரமாட்டார்கள். அவர் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றரை மணிக்கு வரவேண்டிய ஜெர்மன்காரர் சீக்கிரமே வந்து நின்றார். அவருக்கும் அதே 4-ஆம் தேதிதான் வேண்டும்.

எனக்குக் கை நடுங்கியது. இருவரில் ஒருவரை இழக்கப் போகிறேன் என்றே நினைத்தேன். நார்வே அம்மா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டார். இருவருக்கும் பல வருஷப் பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பென்சிலை வாங்கினார். “எங்களுக்கு வியாழக்கிழமைத் தொடக்க நாளில் ஒரு இடம் இருக்கிறது. 2-ஆம் தேதி இவர்கள் எங்களிடம் வாசிக்கட்டும். வெள்ளி பறந்து உன்னிடம் வரட்டும். நீ சனிக்கிழமையை எடுத்துக்கொள். வரும் விமானச் செலவில் பாதி உன்னுடையது.” ஜெர்மன்காரர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு 7-ஆம் தேதிக் கட்டத்தில் விரல் வைத்தார். பக்கத்து நகரத்துத் திறந்தவெளி மேடை ஒன்றுக்கு அவரே பொறுப்பு. அது செவ்வாய்க்கிழமை.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த 4 என்ற கட்டத்தில் இருந்த நார்வேயை நார்வே அம்மாவே ரப்பரால் அழித்து 2-இல் எழுதினார். என் வேலையை ஏன் விடாமல் செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லுகிற காட்சி இதுதான். இரண்டு போட்டி விழாக்கள், ஒரு பென்சில்.

சனிக்கிழமை மாலைக்குள் எட்டுத் தேதிகள் நிரம்பியிருந்தன. அன்று இரவு நான் கொண்டாடவில்லை. விடுதி அறையில் உட்கார்ந்து அட்டவணையைத் தலைகீழாக எழுதினேன், பயணத்திலிருந்து பின்னோக்கி, விசா வரை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அப்போதைய விதிப்படி பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். சாதாரணமாகப் பதினைந்து நாள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். இங்கிலாந்துக்குத் தனி விசா. ஆளுக்கு இருப்பதோ ஒரே பாஸ்போர்ட். அது ஒரு தூதரகத்தில் கிடக்கும்போது இன்னொரு தூதரகத்துக்குக் கொடுக்க வழியில்லை. ஏழு பாஸ்போர்ட்டும் இரண்டு இடம் போய்த் திரும்பி வர வேண்டும்.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2018-லிருந்து. அந்தக் கோடையில் ஆறு பாஸ்போர்ட் நேரத்துக்கு வந்தன. பாலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிப்பவருடையது வரவில்லை. அழைப்புக் கடிதம், ஒப்பந்தம், காப்பீடு, திரும்பும் டிக்கெட், ஏழு பேருக்கும் ஒரே காகிதங்கள்தான். ஏன் ஒருவருடையது மட்டும் தாமதம் என்று அந்தத் தூதரகம் சொல்லவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து இரண்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே விசாவும் இருந்தது. மேடையில் ஒலிக்கலவைப் பலகையின் கீழே வெள்ளை நாடாவில் ‘பாலஃபோன் இடது’, ‘பாலஃபோன் வலது’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கச்சேரி முடியும்வரை அந்த இரண்டு சானலிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. கோரா கேள்வி கேட்க, பாலஃபோன் பதில் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. குழுத் தலைவர் அந்தப் பதிலைத் தானே வாசித்து நிரப்பியிருக்கலாம், அவருக்கு அது தெரியும். ஆனால் அவர் வாசிக்கவில்லை. பதில் வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் அத்தனை நேரம் நிறுத்திக் காத்திருந்து, பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போனார்.

1996-இல் ஹவானாவில் கியூபக் கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்ய மாலியிலிருந்து இசைக்கலைஞர்கள் வருவதாக இருந்தது. அவர்களால் வந்து சேர முடியவில்லை. இருந்தவர்களை வைத்துப் பதிவு செய்ததுதான் 1997-இல் உலகமெங்கும் விற்ற ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’ இசைத்தட்டு. இதை அதிர்ஷ்டக் கதையாகவே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஊரில் காத்திருந்த மாலிக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். முதலில் நினைத்த அந்தக் கூட்டணி ‘ஆஃப்ரோகியூபிசம்’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தது 2010-இல். பதினாலு வருஷம்.

தம்பெரேயில் மறுநாள் ஞாயிறு. கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிற நாள். அந்த உபரி மணி நேரத்தில் குழுத் தலைவர் விடுதிக் கூடத்தில் கோராவை வெளியே எடுத்து வைத்திருந்தார். பாதிச் சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், 21 நரம்புகள். அவருடையது பழைய முறை. முடுக்குத் திருகாணிகள் கிடையாது, கழுத்தைச் சுற்றித் தோல்வளையங்கள். அவற்றை உள்ளங்கையால் தள்ளித் தள்ளித்தான் சுருதி சேர்க்க வேண்டும். வெளியே குளிர், உள்ளே ஹீட்டரின் வறண்ட சூடு, தோல் விறைத்துச் சுருதி ஏறிவிடும். அதனால் வாசிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வாத்தியத்தை அறையின் காற்றுக்குப் பழக விடுவார். மேடையில் எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று விழாக்காரர்களுக்கு அனுப்பும் டெக்னிக்கல் ரைடரில் இதற்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கோராவுக்கு மேடைக்கு அருகிலேயே அறை வேண்டும், வேறு கட்டடத்தில் கூடாது. பாலஃபோனுக்கு இன்னொரு வரி. அதன் மரக்கட்டைகளுக்கு அடியில் தொங்கும் சுரைக்குடுக்கைகளில் சிறு துளை போட்டு மெல்லிய சவ்வு ஒட்டியிருப்பார்கள். முற்காலத்தில் சிலந்தியின் முட்டைக்கூட்டுச் சவ்வு. அதுதான் அந்த ரீங்காரத்தைத் தருகிறது. கேபிள் பழுது என்று நினைத்து ஒலிப் பொறியாளர்கள் அதை வடிகட்டப் பார்ப்பார்கள். ‘ரீங்காரம் வாத்தியத்தின் குரல். தயவுசெய்து எடுக்க வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

2020 மார்ச்சில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பதினோரு நாளில் எட்டுத் தேதியும் போயின. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் யாரும் படிக்காத ‘ஃபோர்ஸ் மஜூர்’ பத்தியை, யார் கையிலும் இல்லாத காரணத்தால் நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன என்று சொல்லும் பத்தியை, அந்த மாதம் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டேன். ஜெர்மன்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை ஏழாகப் பிரித்து அனுப்பினேன், என் பங்கு எடுக்காமல். அந்த வருஷ வோமெக்ஸ் திரையில் மட்டும் நடந்தது. திரையில் ஒருவருடைய பென்சிலை இன்னொருவர் வாங்க முடியாது.

2021 அக்டோபரில் போர்த்தோ. டோரோ ஆற்றங்கரையில் பழைய சுங்க மாளிகையில் சந்தை. எல்லோரும் முகக்கவசத்தோடு இருந்ததால் கண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தோம். நார்வே அம்மா தூரத்திலிருந்தே கை காட்டினார். உட்கார்ந்ததும் கேட்டார்: “அந்தத் தாள் இருக்கிறதா?” இருந்தது. மடிப்பில் கிழிந்து நாடா ஒட்டியிருந்தது. மேலே 2020 என்பதை அடித்து 2022 என்று எழுதினார். கிழமைகள் மாறியிருந்தன, கட்டங்களை மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

2022 ஜூனில் ஏழு பாஸ்போர்ட்டும் தூதரகத்துக்குப் போயின. புதன் இரவு விமானம். திங்கள் வரை ஐந்துதான் வந்திருந்தன. செவ்வாய் மதியம் குழுத் தலைவர் ஒரு படம் அனுப்பினார். சமையலறை மேஜைமேல் வரிசையாக ஏழு. நான் திரையைப் பெரிதாக்கி எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

நார்வேயில் மாலை ஐந்து மணிக்கு லைன் செக், ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும் பலகைக்கு வருகிறதா என்ற சோதனை. மலைச்சரிவை ஒட்டிய மேடை, வெயில் நேராக அடித்தது. நான் ஒலிக்கலவைப் பலகைக்குப் பின்னால் நின்றேன். வெள்ளை நாடாவில் பெயர்கள் வரிசையாக இருந்தன. கோரா சரி. பாஸ் சரி. பொறியாளர் ரைடரைப் புரட்டிவிட்டு மைக்கில் கூப்பிட்டார்: “பாலஃபோன், இடது.”

கட்டை விழுந்தது. நாடாவுக்கு மேலே பச்சை விளக்கு ஏறி இறங்கியது, ரீங்காரம் முழுசாக வந்தது. பொறியாளர் அதைத் தொடவில்லை.

“பாலஃபோன், வலது.”