குச்சிக்கிழங்கும் என் மேஜரும்

டிசம்பர் 18, 2024

ரெண்டு ராத்திரி ரயிலில் கழித்து சேலம் வந்தாச்சு. அம்மா தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தார். பீட்ரூட் துருவலில் தட்டு நமுத்துப்போவதற்குள் ஆறு காலி.

சாயங்காலம் அத்தை வந்தார். வழக்கமான கேள்விதான்: "எக்கனாமிக்ஸ்னா பேங்க் பரீட்சையா, கலெக்டர் பரீட்சையா?" ரெண்டும் இல்லை, லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் எல்லாத்தையும் கொஞ்சம் படிப்போம், அப்புறம்தான் மேஜர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்றேன். முகலாய ஓவியம், அறவியல் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் எக்கனாமிக்ஸுக்கு வந்தேன். மூணாவது செமஸ்டரில் பார்த்தால் முக்கால்வாசி கணக்கு. "அப்ப கணக்கையே படிச்சிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டிசம்பர் 21

ஆத்தூர்ப் பக்கம் தாத்தா காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்குகிறார்கள். இன்னும் ஒரு மாசம் விட்டிருக்கலாம். ஆனால் மாசத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதில் பள்ளக்காட்டில் தண்ணீர் நின்றுவிட்டது. விட்டால் அழுகிவிடும். லோடோடு நானும் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்குப் போனேன்.

குச்சிக்கிழங்குக்கு எடை மட்டும் போதாது, 'பாயிண்ட்' பார்ப்பார்கள். அதாவது, கிழங்கில் எத்தனை மாவு. கூடையில் கொஞ்சம் கிழங்கை எடுத்து முதலில் அப்படியே எடை போடுகிறார்கள். அப்புறம் தண்ணீரில் முக்கித் தொங்கவிட்டு எடை. மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தி கூடியது, தண்ணீருக்குள்ளும் கனக்கும். ஆர்க்கிமிடீஸ்தான், வேறொன்றும் இல்லை. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை.

"இருபத்தஞ்சு, பெரியவரே."

"போன லோடு இருபத்தேழரை போச்சுங்களே?"

"மழைத்தண்ணி குடிச்ச கிழங்கு. நான் என்ன பண்றது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. மழைக்குப் பிறகு மாவு குறையும். ஆனால் ரெண்டரை பாயிண்ட் குறையுமா? பிடுங்கிய கிழங்கு ரெண்டு மூணு நாளில் கருத்துவிடும், திருப்பி ஏற்றிக்கொண்டு வேறு மில்லுக்குப் போனால் லாரி வாடகை யார் தருவது? தாத்தா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரையைப் போன மாசம்தான் படித்தோம். விற்பவனுக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் சந்தையே கெடும் என்பார். 2001ல் நோபல் கிடைத்தது. இங்கே நேர் தலைகீழ். பத்து மாசம் வளர்த்தவருக்குச் சரக்கின் தரம் தெரியவில்லை, வாங்குகிறவர் சொல்லித்தான் தெரிகிறது.

டிசம்பர் 22

நவராத்திரிக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் ஜவ்வரிசி கிச்சடி போட்டார்கள். புனேக்காரி ரூம்மேட் "உங்க ஊர்ல இதெல்லாம் கிடைக்குமா?" என்று கேட்டாள். அடிப்பாவி! அவள் அம்மா விரதம் இருந்தால்தான் எங்கள் தாத்தாவுக்கு விலை.

ஜவ்வரிசிக்கு சேலத்தில் சேகோசர்வ் இருக்கிறது. 1981ல் மில்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். வியாபாரிகள் டெண்டர் போட்டு எடுக்கிறார்கள். ஒருத்தர் கேட்ட விலை இன்னொருத்தருக்குத் தெரியாது. இன்னொரு பொருளாதார நிபுணர் வில்லியம் விக்ரி 1961ல் எழுதிய ஏலக் கட்டுரையில் வருவது இந்த மாதிரி சமாச்சாரம்தான். ஜவ்வரிசிக்குப் போட்டி போட நாலு பேர். தாத்தாவின் கிழங்குக்கு அந்த வாசலில் நிற்கும் ஒரே ஆள்.

டிசம்பர் 27

நேற்று ராத்திரி மன்மோகன் சிங் காலமானார். நிதியமைச்சராக அவர் வாசித்த 1991 ஜூலை 24 பட்ஜெட் உரையை வகுப்பில் பத்தி பத்தியாகப் படித்திருக்கிறோம். அப்பா டிவியை அணைக்கவே இல்லை.

டிசம்பர் 29

ஏற்காடு. தோழி வீட்டுக்கு ரெண்டு ஏக்கர் காபி. மலைப்பாதையில் மண் சரிந்த இடங்கள் இன்னும் பச்சைக் காயம் மாதிரி இருக்கின்றன. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி, கீழே பழம் பறிக்கும் பெண்கள். இடுப்புக்கூடையில் சிவப்பு மட்டும் விழவேண்டும், பச்சை விழுந்தால் திட்டு.

பிரேசிலில் வறட்சி. அராபிகா விலை இந்த மாசம் 10ஆம் தேதி 1977இன் உச்சத்தையே தாண்டிவிட்டது. தோழியின் அப்பா நியூயார்க் விலையைப் போனில் காட்டினார். முன்பெல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுத்தாகவேண்டும், அதைத் தொண்ணூறுகளில்தான் படிப்படியாகத் திறந்துவிட்டார்களாம். "இப்ப ராஜா மாதிரி விக்கலாமே அங்கிள்?" என்றேன். "ஆவணியிலயே அட்வான்ஸ் வாங்கிட்டேம்மா" என்றார். ஆன்ட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் காபியைக் குடித்தேன்.

ஜனவரி 4, 2025

வில் தராசு ஒன்று வாங்கினேன். அப்பாயியின் பெரிய அண்டாவில் தண்ணீர். மண் போகக் கழுவிய கிழங்கு மூணு கிலோ, சாக்குப்பையில் கட்டி முக்கினேன். முதல் தடவை 290 கிராம், ரெண்டாவது 330, மூணாவது 310. கிழங்கு அதே கிழங்கு.

"உன் தராசே மூணு பேச்சு பேசுதே கண்ணு" என்று தாத்தா சிரித்தார்.

மூணாவது எடையை வைத்துப் பார்த்தால் அடர்த்தி 1.115. முதலாவதையும் ரெண்டாவதையும் வைத்தால் 1.107, 1.124. வித்தியாசம் தசமத்துக்குப் பின்னால்தான். ஆனால் பாயிண்ட் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

அப்புறம் தோன்றியதைச் செய்தேன். கொல்லைமேட்டுக் கிழங்கு மூணு கிலோ, பள்ளக்காட்டுக் கிழங்கு மூணு கிலோ, தனித்தனியாக. மேட்டுக் கிழங்கு ஒவ்வொரு தடவையும் கூடுதலாகக் கனத்தது. ஒரே லாரி, ரெண்டு விதக் கிழங்கு. அன்றைக்குக் கடைசியாக ஏற்றியது பள்ளக்காடு. மில்லில் கூடை நிரப்பிய பையன் மேலே கைக்கு வந்ததைத்தான் அள்ளினான். ரெண்டு வாரமாகத் தராசை முறைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஒரு செமஸ்டர் முழுக்க சாம்ப்ளிங், அதாவது மொத்தத்தை அறியக் கொஞ்சத்தை எப்படி எடுப்பது என்று படித்தவள், கூடையைப் பார்க்கவே இல்லை!

ஜனவரி 9

கடைசி லோடு. தாத்தா சத்தம் போடவில்லை. "தம்பி, நடுவுல இருந்தும் கொஞ்சம் எடுங்க, அடியில இருந்தும் கொஞ்சம்" என்றார். பையன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி என்னைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார். "எடுறா."

இருபத்தாறரை.

ஒரு லோடை வைத்து எதையும் சொல்லமுடியாது. மழை விட்டு நாளாகிவிட்டது, அதனாலும் கூடியிருக்கலாம். தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "நீ சும்மா இரு" என்றார்.

ஜனவரி 13

போகிக்கு ஹாஸ்டலில் எரிக்க ஒன்றும் இல்லை. எக்கனாமெட்ரிக்ஸ் பாடத்திட்டம் மட்டும் இருக்கிறது, அதை எரித்தால் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போன் போட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் ரெண்டு கூடைக் கிழங்கோடு வாசலில் நிற்கிறாராம். தாத்தா தராசை வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டாராம். அண்டாவைத் தரமாட்டேன் என்று அப்பாயி பிடித்த பிடியில் நிற்கிறார். விடிந்தால் பொங்கல், அதைச் சேறாக்கினால் எதில் வைப்பது என்கிறார்.