டபுள் பாஸுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ்: ஸ்டிக்கரை நம்பாதீங்க, மீட்டரை வைங்க

அட்டைப் பெட்டியில் 8 ஓம் என்று ஸ்டிக்கர். பில்லிலும் 8 ஓம். பிரித்து வெளியே எடுத்து, ஸ்பீக்கான் கேபிளைச் செருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டர் முள்ளை வைத்தால் 3.4 ஓம் காட்டுகிறது. வந்திருப்பது 4 ஓம் பாக்ஸ். பின்பக்கத் தகட்டில் 4, 8 இரண்டையும் அச்சடித்து, எது என்று குறிபோட வேண்டிய கட்டத்தை அப்படியே காலியாக விட்டிருந்தார்கள்.

கொச்சியிலிருந்து மார்த்தாண்டம் வரை வந்த சரக்கு அது. திருப்பி அனுப்பி, சரியானதை வாங்கிச் சேர்ப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஆளுயர வயலின் மாதிரி நிறுத்தி வாசிக்கும் டபுள் பாஸை நம் பக்கத்தில் வாசிக்கிறவர்கள் குறைவு. சர்ச் கொயர், கல்யாண ரிசப்ஷன், கோவளம், வர்க்கலா ஹோட்டல்கள் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஓம் கணக்கு. மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். அது பாக்ஸில் எழுதியிருக்கும் அளவைவிட (இம்பீடன்ஸ், ஒலி ஓடும்போது உள்ள தடை) எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம் பாக்ஸ் என்றால் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் காட்டும். 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. ஆம்ப் ஹெட்டோடு (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்ளிஃபயர்) இணைக்காமல் பாக்ஸை மட்டும் அளக்க வேண்டும். 8 ஓம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. இன்றைய எடை குறைந்த கிளாஸ்-டி ஹெட்கள் பலவற்றுக்கு 4 ஓம்தான் கீழ் எல்லை. இப்போது ஒரு 8 ஓம் பாக்ஸ், பிறகு பெரிய மைதானத்துக்கு இன்னொரு 8 ஓம் பாக்ஸ் என்று பேரலலாகச் சேர்த்தால் ஓம் பாதியாகி மொத்தம் 4 ஓம், ஹெட் தாங்கும். 4 ஓமோடு 4 ஓம் சேர்த்தால் 2 ஓம். ஹெட் புரொடெக்‌ஷனுக்குப் போய் நின்றுவிடும், இல்லையென்றால் எரியும். ஒரே பாக்ஸாக வாசிக்கும்போது 4 ஓமில் கிடைக்கும் கூடுதல் வாட்டால் சத்தம் 3 டெசிபல்கூட ஏறாது. இரண்டாவது பாக்ஸ் சேர்ந்தால் அடித்தொனியில் 6 டெசிபல் வரை ஏறும். இதில் எது லாபம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

இனி கடை விஷயம். திருவனந்தபுரத்தில் பார்த்த கடையில் பாஸ் கிட்டாரை வைத்துத்தான் டெமோ காட்டினார்கள். டபுள் பாஸை உள்ளே கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, "சாரே, இது ஐந்நூறு வாட்டாணு, வேறொண்ணும் நோக்கண்டா" என்று பதில். பாக்ஸ் வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்தான் அந்த வாட். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) கருகாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. சத்தம் எவ்வளவு வரும் என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 94 டெசிபல் பாக்ஸும் 98 டெசிபல் பாக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், இரண்டாவதில் 100 வாட் கொடுத்து வரும் சத்தத்துக்கு முதலாவதில் 250 வாட் கொடுக்க வேண்டும்.

அடுத்தது "40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்" என்ற பேச்சு. எந்த அளவுகோலில் என்று கேளுங்கள். 3 டெசிபல் குறையும் இடமா, 10 டெசிபல் குறையும் இடமா? அட்டையில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். டபுள் பாஸின் அடி ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். கையில் தூக்கும் அளவுள்ள பாக்ஸ் எதுவும் அந்த 41-ஐ முழு பலத்தோடு தராது. சின்னப் பெட்டி, ஆழமான தொனி, குறைந்த வாட்டில் நிறைய சத்தம் என்ற மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஒலிபெருக்கிப் பெட்டியின் இயற்பியல் அப்படி. ஆனால் காதுக்கு அடித்தொனியை உணர்த்துவது பெரும்பாலும் அதே தந்தியில் கூடவே ஒலிக்கும் 82, 123 ஹெர்ட்ஸ் மேல் சுரங்கள்தான். அந்த இடம் உறுதியாக, வீங்காமல் வந்தால் ஈ தந்தி ஈ தந்தியாகவே கேட்கும். ஆகவே கடையில் 40 ஹெர்ட்ஸைத் தேடாதீர்கள். ஈ தந்தியில் திறந்த சுரத்திலிருந்து ஒவ்வொரு அரைச்சுரமாக ஏறி, ஏதாவது ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கேளுங்கள். அதுவும் பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்றல்ல; வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கேட்க வேண்டும். சின்னக் கடை அறையில் எல்லா பாக்ஸும் கொழுத்த தொனியில்தான் பேசும். கதவுக்கு வெளியே வராந்தாவில் வைத்துக் கேட்டால் உண்மை தெரியும். இரண்டாவது கடையில் இதற்குச் சம்மதித்தார்கள். அங்கே பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது.

8, 10, 12, 15 இஞ்ச் என்ற பேச்சில் கோனின் (முன்பின் அசையும் கூம்பின்) பரப்பைப் பாருங்கள். 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றின் கோன் சுமார் 530 சதுர செ.மீ. 8 இஞ்ச் இரண்டையும் கூட்டினாலும் 430-ஐத்தான் ஒட்டி வரும். 10 இஞ்ச் இரண்டு என்றால் 700. சுரம் ஒரு ஆக்டேவ் இறங்கினால், அதாவது அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு முன்பின் அசைய வேண்டும். அதனால்தான் பரப்பு முக்கியம், கோன் எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பது அதைவிட முக்கியம். 15 இஞ்ச்சில் அடித்தொனி தாராளம். ஆனால் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி மேலே போகப் போக ஒலி நேர் எதிரே மட்டும் குவியும், பக்கவாட்டில் நிற்கிற பாடகருக்கு விரல் பிடிக்கும் சத்தமே கேட்காது. இரண்டு 10-ஐப் பக்கம் பக்கமாக வைத்த பாக்ஸிலும் இதே குறை உண்டு. அதை நட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டால் பாதி சரியாகும். நான் எடுத்தது ஒற்றை 12 இஞ்ச், மேல்தொனிக்குச் சின்ன ஹார்ன் ட்வீட்டர், அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒரு திருகு. வில் போட்டு வாசிக்கிறவர்களுக்கு அந்தத் திருகு கட்டாயம் வேண்டும். வில்லின் உரசல் ட்வீட்டரில் கீச்சிடும். பாதிக்குக் கீழே இறக்கினால்தான் கேட்க முடியும்.

எடையில் ஏமாறாதீர்கள். ஒரு கையில் டபுள் பாஸ், மறு கையில் பாக்ஸ் என்றுதான் மண்டபப் படி ஏற வேண்டியிருக்கும். 13 கிலோவுக்கு மேல் போனால் தோள் சொல்லிவிடும். நியோடிமியம் மேக்னட், 12 மி.மீ. பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டம் என்றால் அந்த அளவுக்குள் வரும். சாதாரண ஃபெரைட் மேக்னட்டும் 18 மி.மீ. பலகையும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டவே வேண்டாம். குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை; எம்.டி.எஃப். ஓரம் ஒருமுறை ஈரம் குடித்தால் உப்பிப் பிளந்துவிடும். கார்ப்பெட் ஒட்டிய பாக்ஸில் பூஞ்சை பிடிக்கும். தடித்த பெயின்ட் பூச்சுதான் நமக்குச் சரி. கடலோர ஹோட்டல்களில் வாசிக்கிறவர்கள் கிரில்லின் ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிக்கொள்ளுங்கள், உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது அவைதான். வாங்கும் முன் வண்டியில் டபுள் பாஸை வைத்துவிட்டு மிச்சம் இருக்கும் இடத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பாக்ஸின் மேல் அநியாயமாகப் பழி விழும் இடம் ஒன்று உண்டு. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் செருகும் பீசோ பிக்-அப்பை (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் துண்டு) மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகக் குத்திவிட்டு, தொனி மெலிந்து மூக்கால் பேசுகிறது என்று பாக்ஸை மாற்றுகிறார்கள். பீசோவின் கெப்பாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் என்று வையுங்கள். இன்புட்டின் தடை 1 மெகாஓம் இருந்தாலே 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிய ஆரம்பித்துவிடும். 10 மெகாஓம் என்றால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஒரு சுரமும் போகாது. லைன் இன்புட் என்பது வெறும் சில பத்து கிலோஓம்தான். ஆகவே 10 மெகாஓம் இன்புட் உள்ள பிரீஆம்ப் (ஹெட்டுக்கு முன்னால் பிக்-அப் சிக்னலை வாங்கித் தரும் சின்னப் பெட்டி) இல்லாமல் பாக்ஸ் பார்க்கப் போகவே போகாதீர்கள். பிரீஆம்ப், கேபிள், ஹெட் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். பிரீஆம்ப்பில் ஹை-பாஸ் ஃபில்டரும் (வைத்த அளவுக்குக் கீழே உள்ள தொனியை வெட்டுவது) ஃபேஸ் ஸ்விட்சும் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இருந்தால் பாதி வேலை முடிந்தது. டபுள் பாஸின் உடம்புக்குள் இருக்கும் காற்று 60 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். ஏ தந்தியின் தொடக்கத்தில் பி-ஃப்ளாட், பி சுரங்களில் ஊளை கிளம்புவது அதனால்தான். ஃபில்டரை 60 வரை ஏற்றுங்கள், ஃபேஸைத் திருப்பிப் பாருங்கள். பாக்ஸ் எப்படியும் 41-ஐ முழுதாகத் தரப்போவதில்லை என்பதால் இழப்பு சொற்பம். கோன் வீணாக அசைவதும் நிற்கும்.

இனி பார்சல் ஆபீஸ் கதை. இதை வாசித்துவிட்டே ஆர்டர் போடுங்கள். பிடித்த பாக்ஸ் ஸ்டாக் இல்லாததால் கொச்சிக் கடை ஒன்றிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. பில் 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் வர ஈ-வே பில் (சரக்கோடு வர வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். சரக்கு நாகர்கோவில் குடோனுக்கு வந்து சேர்ந்ததும் கிளார்க், "ஜிஎஸ்டி நம்பர் இல்லாம எடுக்க ஒக்காது, கடைக்காரங்கிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு ஏது ஜிஎஸ்டி நம்பர்? பதிவு பெறாதவர் என்பதற்கு அந்த இடத்தில் யுஆர்பி என்று போட்டாலே போதும். என் பில்லில் அப்படித்தான் இருந்தது. விரலை வைத்துக் காட்டியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறும் கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. மறுநாள் மேலாளரைப் பார்த்துப் பேசி அவர் ஒத்துக்கொள்வதற்குள் ஈ-வே பில் காலாவதி ஆகிவிட்டது. காலக்கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் டிரான்ஸ்போர்ட்டாரே நீட்டித்துக்கொள்ளலாம். அதையும் செய்யாமல் விட்டிருந்தார்கள். கடைக்காரர் புதிதாக ஒன்று போட்டு அனுப்பிய பிறகுதான் சரக்கு குடோனை விட்டு வெளியே வந்தது. பிரித்தால், அந்த 3.4 ஓம்.

கடைக்கு போன் செய்தால் "ஸ்டிக்கர்ல எட்டுன்னு தானே இருக்கு" என்று ஒரே பாட்டு. மீட்டர், கேபிள், பாக்ஸின் சீரியல் நம்பர் மூன்றும் ஒரே ஃப்ரேமில் தெரிய வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது. அட்டையைப் பிரிக்கும் முன்பிருந்தே வீடியோ எடுங்கள், தெர்மோகோல் மூலைகளைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்பவும் ஈ-வே பில் உண்டு. சேல்ஸ் ரிட்டர்ன் என்ற வகையில் கடைக்காரரே போட வேண்டியது அது. உங்களைப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போகிற லாரி வாடகை யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்ததால் அவர்களே கொடுத்தார்கள்.

மாற்றி வந்த பாக்ஸை இந்த முறை குடோன் வாசலிலேயே பிரித்து அளந்தேன். 6.1 ஓம். கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகுதான்.

வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நல்ல பாக்ஸும் இதில் தோற்றுப்போகும். பாக்ஸின் முகப்பு பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸை ஒட்டி நேர் ஒலியை அடித்துவிடும். ஈ தந்திக்கு உயிர் கொடுக்கும் 82 அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. ஒன்று சுவரை ஒட்டித் தள்ளுங்கள், அல்லது நன்றாக முன்னால் இழுங்கள். தரையில் வைத்தால் அடித்தொனி கூடும், நாற்காலி மேல் ஏற்றினால் குறையும் ஆனால் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். சர்ச் ஹாலில் நான் நாற்காலியில்தான் வைக்கிறேன். பலகை மேடை உள்ளே வெற்றாக இருந்தால் பாக்ஸின் அதிர்வு பலகை வழியாக டபுள் பாஸின் அடிக்கம்பியில் (தரையில் ஊன்றி நிற்கும் எண்ட்பின்) ஏறி ஊளையிடும். பாக்ஸுக்கு அடியில் ஃபோம், அடிக்கம்பிக்கு அடியில் ரப்பர் துண்டு போட வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் பெருநாள் மேடைகளில் எர்த் பின் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹெட்டைச் செருகாதீர்கள். இரைச்சல் மட்டுமல்ல, பீசோ கேபிளின் உலோக ஜாக்கைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். மைக் செட்டுக்காரரிடம் எர்த் இருக்கிறதா என்று கேட்டு, எர்த்தையும் காட்டும் சாக்கெட் டெஸ்டரால் சரிபார்த்துவிட்டே சுவிட்சைப் போடுங்கள்.