சேஃப்டி பாஸான கார்

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி, வெளியே மைனஸ் 17. கனடாவில் டொராண்டோவை அடுத்த ஏஜாக்ஸில் கிடங்கு வேலை, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஸ்கார்பரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வைட்ஸ் ரோடு தாண்டியதும் முன்னால் போன லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். என்ஜின் மட்டும் அலறியது. ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தைத் தொட, வேக முள் 90-லிருந்து இறங்கத் தொடங்கியது. ஊரில் கிளச் பிளேட் தேய்ந்த பைக்கில் பாலம் ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படியே. இந்த ஆட்டோமேட்டிக் காரில்தான் கிளச் பெடலே கிடையாதே, அப்புறம் என்ன வழுக்குகிறது என்று குழம்பினேன்.

போர்ட் யூனியன் எக்ஸிட்டில் எப்படியோ இறங்கி, ஒரு பிளாசா வாசலில் நிறுத்தினேன். மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்தது. பார்க்கிலிருந்து டிரைவுக்குத் தள்ளினால் கீழே யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு வருஷம் பஸ்தான். வீடு மார்க்கம் ரோடு பக்கம். அங்கிருந்து டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம் வரை டி.டி.சி. என்ற நகரப் பஸ், அங்கே இறங்கி டர்ஹம் பக்கத்து 900 பஸ். பனிக்காற்றில் பஸ் நிறுத்தத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றே ஒரு குளிர்காலம் போனது. அடுத்த குளிர்காலத்துக்கு முன் கார் வாங்கியாக வேண்டும் என்று மனைவி சொன்னபோது மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பிக்கரிங்கில் ஒருவர் வீட்டு வாசலில் நின்ற 2012 மாடல், 1,86,000 கிலோமீட்டர் ஓடியது. 6,500 டாலர், அதன்மேல் 13 சதவீதம் வரி 845. எந்தக் கம்பெனி கார் என்று எழுதப்போவதில்லை. குற்றம் கம்பெனியுடையதா, எண்ணெய் மாற்றாத பழைய ஓனருடையதா, பார்க்காமல் வாங்கிய என்னுடையதா என்பதில் இன்னும் எனக்கே தீர்ப்பாகவில்லை. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சர்வீஸ் ஒன்டாரியோ என்ற மாகாண அரசு அலுவலகத்தில் 20 டாலர் கட்டி எடுக்கிற பழைய வண்டித் தகவல் கட்டு இருந்தது. முந்தைய ஓனர்கள் யார், வண்டி மேல் கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் அதில் வரும். சுத்தமாக இருந்தது. சேஃப்டி சர்டிபிகேட்டும் கையில் இருந்தது. நம்மூர் எஃப்.சி. மாதிரி, அது பாஸானால் வண்டி நல்ல வண்டி என்று என் நினைப்பு.

டோ டிரக்கில் ஏற்றி, எங்கள் பகுதியில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். வண்டியை லிஃப்டில் தூக்கினார். என் காரில் கியர்பாக்ஸ் எண்ணெயை இழுத்துப் பார்க்க டிப்ஸ்டிக்கே கிடையாது. கீழே ஒரு திருகைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இரண்டு சொட்டை வெள்ளை பேப்பர் டவலில் விட்டார். பக்கத்திலேயே புது டப்பாவிலிருந்து ஒரு சொட்டு. புது எண்ணெய் மாதுளைச் சாறு நிறத்தில் பரவியது. என்னுடையது கருப்பட்டிக் காப்பி. முகர்ந்து பார்க்கச் சொன்னார். அடிபிடித்த பாத்திரத்து வாடை. டவலை வெளிச்சத்தில் சாய்த்தால் ஜிகினா மாதிரி ஏதோ மினுங்கியது.

“இந்த மினுக்கம்தான் தம்பி உங்கட காசு” என்றார்.

கிளச் பெடல் இல்லை என்றேனே, உள்ளே கிளச் இல்லாமல் இல்லையாம். தட்டுத் தட்டாக அடுக்கிய கிளச் கட்டுகள் பல இருக்கின்றன. எண்ணெய்தான் அழுத்தம் கொடுத்து அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. எந்தக் கட்டுக்கு எப்போது அழுத்தம் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, சோலனாய்டு என்ற சின்ன வால்வுகள் திறந்து மூடுகின்றன. எண்ணெய் பழசாகிச் சூடேறினால் பிடி தளரும், தட்டு வழுக்கும், வழுக்கிய தட்டு எரிந்து அந்தத் தூள் எண்ணெயிலேயே கலந்து வால்வுகளையும் அடைக்கும்.

“எண்ணெயை மட்டும் மாத்திப் பாக்கலாமா அண்ணா?”

“அது எப்பவோ செய்திருக்க வேணும். இப்ப மாத்தி உங்கட காசை வாங்க எனக்கு மனமில்லை.”

சேஃப்டி பாஸாச்சே என்று முனகினேன். அவர் சிரிக்கவில்லை, அதுவரை நல்லது. “அதில பிரேக், ஸ்டியரிங், டயர், லைட், அடியில துரு, இதுகளைத்தான் பாப்பினம். கியர்பொக்ஸுக்குள்ள என்ன கிடக்குதெண்டு ஆர் பாக்கிறது? வாங்கமுதல் எனக்கு ஒருக்கா போன் அடிச்சிருக்கலாம்.”

விற்றவருக்கு போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். ‘உள்ளது உள்ளபடி’ என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று ஞாபகப்படுத்தினார். பதிவு பெற்ற டீலரிடம் வாங்கியிருந்தால் கார் டீலர்களைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பில் முறையிட்டுப் பார்க்கலாம். தனியாளிடம் வாங்கினால் அந்தக் கதவும் கிடையாது. இன்சூரன்ஸும் இயந்திரத் தேய்மானத்துக்குக் காசு தராது. ஆனால் கராஜில் நிற்கிற காருக்கும் மாதம் 310 டாலர் தவறாமல் பிடித்துக்கொள்ளும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணக்கு. இருக்கிற கியர்பாக்ஸைப் பிரித்து ரீபில்டு செய்தால் 4,200, வரியோடு 4,746. உடைத்து விற்கிற யார்டிலிருந்து 1,38,000 கிலோமீட்டர் ஓடிய பழையது ஒன்றைப் போட்டால் பொருள் 1,250, கூலி 1,000, எண்ணெய் சீல் வகையறா 150, வரியோடு 2,712. மூன்றாவது வழி, இப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் 900 பஸ். மனைவி எல்லாவற்றையும் 62-ஆல் பெருக்கி ரூபாயாக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கால்குலேட்டரைப் பிடுங்கி வைத்தேன். அந்தப் பெருக்கலைத் தொடங்கினால் இந்த நாட்டில் ஒரு காப்பிகூடக் குடிக்க முடியாது.

யார்டு கியர்பாக்ஸையே போடச் சொன்னேன். வேலைக்கு முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கினேன். ஒன்டாரியோ சட்டப்படி, எஸ்டிமேட்டில் போட்டதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டி வாங்கக் கூடாது. செய்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. ஆனால் பாகங்களைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பு புதிய, ரீகண்டிஷன் செய்த பாகங்களுக்குத்தான். யார்டிலிருந்து வருகிற பழைய பொருளுக்கு யார்டுக்காரர் என்ன எழுதித் தருகிறாரோ அவ்வளவுதான். எனக்கு 60 நாள் எழுதித் தந்தார். அதைக் கேட்டு வாங்கச் சொன்னதும் அண்ணன்தான்.

ஒன்பது நாள் பஸ்ஸில் போனேன். பத்தாம் நாள் சாவி வந்தது. கழற்றிய கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்குகிற தட்டைத் திறந்து காட்டினார். அடியில் ஒட்டியிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. புதுசாகப் போட்டதற்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று கம்பெனிகள் சொல்வதைப் பற்றிக் கேட்டேன். “ஆரின்ர ஆயுள் எண்டு சொன்னவையே?”

இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. காலைக் குளிரில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது மட்டும் ஒரு சின்னத் தட்டு தட்டும். ஒவ்வொரு முறையும் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். போன வாரம் அண்ணனிடமே கேட்டுவிட்டேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“அது உங்கட பழக்கமில்லை தம்பி. முதல் வைச்சிருந்தவன் பழக்கிவிட்டது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.”