ப வந்துவிட்டது, மூன்று சுழி ண வரவில்லை

முனை தட்டையாக இருக்கும் பட்டை நிப் பேனாவில் அலங்கார எழுத்து (காலிகிராஃபி) பழகுகிறேன். ஆறு வாரமாக என்னைப் படுத்திய ‘ப’ நேற்று இரவு ஒருவழியாக ஒழுங்காக உட்கார்ந்தது. அப்பாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு ‘அப்பா’ என்று எழுதிச் சட்டம் போட்டுக் கொடுப்பதாகத் திட்டம். மூன்றே எழுத்துதானே என்று இளக்காரமாகத் தொடங்கினேன். அதில் இரண்டு ப.

ஒன்றாம் வகுப்பில் ப-வை எப்படிப் பழகினோம்? மேலிருந்து இறங்கி, வலப்பக்கம் நகர்ந்து, கையை எடுக்காமல் அப்படியே மேலே ஏற்றினோம். பட்டை நிப் இறங்கும், பக்கவாட்டில் நகரும்; மேலே தள்ளினால் மட்டும் அடம்பிடிக்கும். விளிம்பு தாளைச் சுரண்டி நாரைக் கிளப்பும். ஒருமுறை மை தெறித்து, சட்டைக் கையில் நீலப் புள்ளிகள் இன்னும் போகவில்லை.

நான் பார்த்த காணொளிகளில் எல்லாம் ரோமன் எழுத்துதான். அதில் எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிற்கும் கோடுகளைக் கீழ்நோக்கியே இழுக்கிறார்கள். தமிழுக்கும் அதையே செய்யலாம் என்பது என் மண்டைக்கு ஏற இவ்வளவு நாளாயிற்று. இடக் காலும் அடிக்கோடும் ஒரே இழுப்பு. நிப்பை எடுத்துவிட்டு, வலக் காலை மேலிருந்து இறக்க வேண்டும்.

மூலையில்தான் மானம் போகும். அடிக்கோடு முடிகிற இடத்தில் நிப்பின் விளிம்பு சாய்வான ஒரு வெட்டை விட்டுவைக்கிறது. இறங்கி வரும் வலக் கால் சரியாக அந்த வெட்டின் மேலேயே, அதே சாய்வில் வந்து படுக்க வேண்டும். மணிக்கட்டு சற்றுத் திரும்பினாலும் மூலையில் தெற்றுப்பல் முளைக்கும். ஈரத்தோடு இறக்கினால் மை குட்டை கட்டும்; முழுக்கக் காயவிட்டால் ஒட்டுப்போட்டது தழும்பாகத் தெரியும். எனக்குச் சரிப்பட்டது, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு இறக்குவது. கிட்டத்தட்ட நான்கு நோட்டுகள் தீர்ந்த பிறகு கண்டுபிடித்த வித்தை இது.

கோணத்திலும் கோட்டை விட்டிருந்தேன். நிப்பின் விளிம்பை எழுதும் வரிக்கு 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால் 3.8 மி.மீ. நிப்பில் நிற்கும் கோடு 3.3 மி.மீ., படுக்கும் கோடு 1.9 மி.மீ. ப-வுக்கு யானைக்கால் கண்டதுபோல் இருந்தது. 45 டிகிரிக்கு மாற்றியதும் இரண்டும் ஒரே பருமன், ஏறத்தாழ 2.7. மெய்யின் புள்ளியும் முனையில் நிற்கும் சதுரமாக விழுகிறது. உருட்டி வைத்த புள்ளியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு வாக்குமூலமும் உண்டு. கருமை போதவில்லை என்று பச்சை மூடி பைலட் பேரலல் பேனாவில் (அதுதான் என் 3.8 மி.மீ.) இந்தியன் இங்க்கை ஊற்றினேன். அரக்கு கலந்த மை. மறுநாள் நிப்பின் இரு தகடுகளுக்கு நடுவே இறுகிப்போயிருந்தது. பேனாவோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் சீவலை விட்டுச் சுரண்டியே இரண்டு நாள் போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது சாதாரண ஃபவுண்டன் பேனா மைதான்.

தாள் தேடுபவர்கள் சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாளில் மை மீசை வைத்துக்கொண்டிருந்தது. அங்கே வாங்கிய 100 ஜி.எஸ்.எம். பாண்ட் தாளில் ஓரம் சுத்தமாக நிற்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டி மிஞ்சிய கெட்டி அட்டைத் துண்டுகளையும் ஒரு கடைக்காரர் எடைபோட்டுக் கொடுத்தார். அதில் ஐகாரக் குறி யானைத் தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டி வளையும் பழைய ‘லை’ எழுதிப் பார்க்க ஆசை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பாட்டி தன் கடிதங்களில் அதை விடவில்லை. பட்டை நிப்புக்காகவே பிறந்த வளைவு அது.

இதற்கிடையில் அண்ணன், “அப்பாவுக்கு மட்டும்தானா?” என்று கேட்டுவிட்டார். ‘அண்ணன்’ என்றால் மூன்று சுழி இரண்டு, இரண்டு சுழி ஒன்று. ஆக எட்டுச் சுழி. நேற்றே ஒரு ண போட்டுப் பார்த்தேன். முதல் சுழியிலேயே உள்வெளி அடைந்து கருப்பட்டிக் கட்டியாகிவிட்டது. எழுத்தின் உயரத்தை நிப் அகலத்தைப்போல் எட்டு மடங்குக்கு ஏற்றலாம், அல்லது அதே பேனாவில் மெல்லிய ஆரஞ்சு மூடி 2.4 மி.மீ. வாங்கலாம். அப்பாவின் ‘அ’வே இன்னும் பாக்கி, பிறந்தநாளுக்கு இருபது நாள்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று மாலை 2.4 வாங்கத்தான் போகிறேன்.