ஆரஞ்சுத் தொகுதியும் ஐம்பது வாக்குகளும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்சு என்றொரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. பெயர்தான் ஆரஞ்சு, தோட்டங்களில் விளைவதோ ஆப்பிளும் செர்ரியும். 1947-இல் சார்லஸ் கட்லர் தொழிற்கட்சியிடமிருந்து கைப்பற்றியது முதல், இன்று நேஷனல்ஸ் எனப்படும் நாட்டுப்புறக் கட்சி அதை 69 ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது. கட்லர் துணை முதல்வராகவும் இருந்தவர். அவருக்குப் பின் வந்தவர்களும் தொகுதியைக் கைவிடவில்லை.

2016-இல் உள்ளூர் மன்றங்களைக் கட்டாயமாக இணைக்கும் திட்டமும், கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்கு விதிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தடையும் நாட்டுப்புற மக்களின் கோபத்தைக் கிளறியிருந்த வேளையில், உறுப்பினர் ஆண்ட்ரூ கீ கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குப் போனதால் நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் இடுவார்கள்; பின்தங்கி நீக்கப்படும் வேட்பாளரின் சீட்டு, அதில் எழுதிய அடுத்த எண்ணுக்குரியவருக்குப் போகும். 1 என்று பெற்ற முதல் விருப்ப வாக்குகளில் நேஷனல்ஸ்தான் முந்தியது. ஆனால் நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 2, 3 என்ற எண்களின்படி கைமாறியபோது, வேட்டையாடுவோர், மீன்பிடிப்போர், விவசாயிகள் கட்சியின் பிலிப் டொனாட்டோ, மறு எண்ணிக்கைக்குப் பிறகு, வெறும் 50 வாக்குகளில் வென்றார். 1 மட்டும் எழுதினாலும் அந்த மாநிலத்தில் சீட்டு செல்லும், ஆனால் அது வேறு யாருக்கும் கைமாறாது என்பதால், எழுதாமல் விடப்பட்ட எண்களுக்கும் இதில் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. துணை முதல்வர் டிராய் கிராண்ட் நேஷனல்ஸ் கட்சித் தலைமையிலிருந்து விலகினார்.

டொனாட்டோ 2022-இல் தம் கட்சியை விட்டு வெளியேறி, 2023-இல் சுயேச்சையாகவே மீண்டும் வென்றார்.