பிளானில் ஒன்று, காணியில் ஒன்று: யாழ்ப்பாணத்தில் வீட்டுக்காரர் தண்டம் கட்டும் இடங்கள்

உள்ளூராட்சிச் சபையின் அறிவித்தல் கேற்றில் ஒட்டப்பட்டதும் வீட்டுக்காரர் பலர் சொல்லும் முதல் வார்த்தை, "நான் பேமிற் எடுத்துத்தானே கட்டினனான்" என்பதுதான். உண்மையாகவே கட்டட அனுமதியை எடுத்திருப்பார்கள். சபை ஒப்பமிட்ட பிளானில் வீட்டின் பின்பக்கம் பத்தடி வெளி இருக்கும். காணியில் போய்ப் பார்த்தால் அந்தப் பத்தடிக்குள் விறகுக் கொட்டிலோ, சீற் போட்ட குசினியோ, பிறகு யோசித்துக் கட்டிய குளியலறையோ நிற்கும். ஒப்பமிட்ட பிளானையும் நிற்கிற கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்டத்துக்கான காரணம் அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில், எந்தச் சட்டம் உங்கள் காணிக்குப் பொருந்தும் என்று அறிந்துகொள்ளுங்கள். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதன் கீழ் 2021இல் வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. மற்ற இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். இரண்டிலும் விண்ணப்பம் போவது உங்கள் மாநகர சபைக்கோ, நகர சபைக்கோ, பிரதேச சபைக்கோதான். திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. "யாழ்ப்பாணம் ரவுண்தானே" என்று மாநகர சபைக் கந்தோரில் போய் நின்று நாளைக் கடத்த வேண்டாம். ஆதன வரிப் பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அங்கே போங்கள்.

அத்திவாரக்கல் வைக்க நாள் குறித்த பிறகு பேமிற்றுக்கு ஓடுவதுதான் எங்கள் ஊரின் பெரிய பிழை. நாளைத் தள்ளிப்போட மனம் வராது, பேமிற்றும் வந்திருக்காது, மேசன் வெட்டத் தொடங்கிவிடுவார். நிலையம் எடுப்பதற்கு, அதாவது காணியில் வீடு வரும் இடத்தைக் குறிப்பதற்கு, முன்பே சபையில் வீதிக்கோடு, கட்டட எல்லைக்கோடு பற்றிய சான்றிதழை எடுத்துவிட வேண்டும். வீதிக்கோடு என்பது வீதி எதிர்காலத்தில் அகலக்கூடிய எல்லை. கட்டட எல்லைக்கோடு அதற்கும் உள்ளே வரும். அதற்கு வெளியே கட்டடத்தின் எந்தப் பகுதியும் வரக்கூடாது. இவை அளக்கப்படுவது வீதியின் நடுக்கோட்டிலிருந்து. தார் முடிகிற இடத்திலிருந்தோ வாய்க்கால் கட்டிலிருந்தோ நாடா பிடித்தால் கணக்குப் பிழைக்கும். கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்ற பெரிய வீதிகளில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோடும் உண்டு. சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஒழுங்கை என்றால் சபையின் கோடு.

உறுதியையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற வரி உங்கள் உறுதியில் இருக்கலாம், அல்லது அயலவரின் உறுதியில் உங்கள் காணியைக் குறித்து இருக்கலாம். அந்த வாய்க்காலுக்கு மேல் மதில் கட்டினால் பேமிற் இருந்தாலும் வழக்கு வரும். பிரிக்கப்படாத பங்கு உறுதியோடு தனியாக விண்ணப்பித்தாலும் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் காணி என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடலோடு தொடுக்கும் கடனீரேரிப் பக்கத்துக்கும் கரையோர வலயம் நீள்வதால் குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, நாவாந்துறைப் பக்கத்தவர்கள் இதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி ஆகியவற்றுக்கு அருகில் கட்டுபவர்கள் தொல்லியல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். காணி துப்புரவாக்கும்போது பனையோ பலாவோ ஈரப்பலாவோ தறிக்க வேண்டி வந்தால் பிரதேச செயலகத்தின் அனுமதியை எடுத்த பிறகே கத்தியை எடுங்கள்.

இனி அளவுக் கணக்கு. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடி. வசிப்பிடக் காணியில் 65 சதவீதத்துக்கு மேல் கட்டடத்தால் மூடக்கூடாது என்று வைத்துக்கொண்டால், ஒரு பரப்பில் ஏறத்தாழ 1,770 சதுர அடிதான் நிலத்தோடு மூடலாம். வீட்டோடு கார்க் கொட்டில், வெளிக் கக்கூசு, மோட்டர் அறை எல்லாமே இந்தக் கணக்குக்குள் வரும். பின்பக்கம் விட வேண்டிய வெளி தாழ்ந்த கட்டடத்துக்கு 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி. உயரம் கூடினால் 3 மீற்றர். இன்றைக்கு ஒரு மாடி கட்டி நாளைக்கு மேலே எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பத்தடி விட்டுவிடுங்கள். ஏழரை அடி விட்டுக் கட்டிய வீட்டுக்கு மேல்மாடி அனுமதி கேட்கும்போது கீழ்ச் சுவரை உள்ளே தள்ள முடியாது.

எல்லையை ஒட்டிய சுவரில் சன்னலும் வைக்க முடியாது, வென்ரிலேற்றரும் வைக்க முடியாது. சன்சேட்டும் தாழ்வாரமும் எல்லைக்கு வெளியே நீளக்கூடாது. கூரைத் தண்ணீர் அயல் வளவில் விழாமல் பீலி வைத்து உங்கள் காணிக்குள்ளேயே இறக்க வேண்டும். முறைப்பாடு கூடுதலாக வருவது அயலவரிடமிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தாழ்வாரத் தண்ணீர் போதும், அதுவரை யாரும் கவனிக்காத பின்பக்கக் கொட்டிலும் அதோடு சேர்ந்து கோப்புக்குள் போய்விடும்.

கிணற்றையும் மலக்குழியையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்தும் உண்டு. மணல் மண்ணில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். சுண்ணாம்புக்கல் வெடிப்புக்குள் விழுந்தால் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்து சேரும். கிணற்றுக்கும், கழிவுநீரை மண்ணுக்குள் ஊறவிடும் குழிக்கும் இடையே 50 அடியாவது விட வேண்டும், இடமிருந்தால் இன்னும் கூட்டுங்கள். இப்போது ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் பக்கம் ஏறத்தாழ 52 அடி. ஈசான மூலையில் (வடகிழக்கு) கிணறு, வாயு மூலையில் (வடமேற்கு) குழி, இரண்டும் எல்லையிலிருந்து ஐந்தடி உள்ளே என்றால் இடைத்தூரம் 42 அடிதான் வரும். தென்மேற்கு மூலைக்குக் குழியைக் கொண்டுபோனால் குறுக்கே 59 அடி கிடைக்கும்.

அத்தோடு முடியவில்லை. எல்லோருமே கிணற்றை ஈசானத்தில் வைப்பதால், உங்கள் கிணறு நிற்கும் மூலையை ஒட்டித்தான் கிழக்குக் காணிக்காரரின் வாயு மூலை வரும். அங்கேதான் அவருடைய குழி இருக்கும். ஆகவே பிளான் கீறும்போது உங்கள் காணிக்குள் மட்டும் நாடா பிடித்துப் போதாது. நாலு பக்கத்து அயல் கிணறுகளையும் குழிகளையும் படவரைஞரிடம் காட்டிப் பிளானில் குறிக்கச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது அவர் கேட்பதும் இதைத்தான்.

குழி வேலையில் நடக்கும் பிழைகள் அநேகமாக மண்ணுக்குள் மறைந்துவிடும், அதனால்தான் ஆபத்து. செப்ரிக் ராங்கின் அடிக்குக் கொங்கிரீட் போடாமல் விடுவது, இரண்டு அறை கட்டாமல் ஒரே அறையாக விடுவது, கல் தட்டும் வரை ஊறவிடும் குழியைத் தோண்டுவது, மூடியைத் திறக்க முடியாதபடி மேலே மாபிள் பதிப்பது. ராங்க் நீர் கசியாமல் இருக்க வேண்டும், இரண்டு அறை இருக்க வேண்டும், ஊறவிடும் குழியின் அடி மாரிகால நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கோடையில் தோண்டிப் பார்த்து ஆழம் தீர்மானிக்காதீர்கள். மார்கழியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறுகிறது என்பதைப் பாருங்கள். தண்ணீர் மேலே வரும் இடங்களில் ஆழக் குழிக்குப் பதிலாக ஆழம் குறைந்த நீளமான ஊறவிடும் கானோ, நிலத்தை உயர்த்திக் கட்டுவதோ பொருந்தும். பவுசர் குழாய் எட்டக்கூடிய இடத்தில் மூடி இருக்கட்டும்.

குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஒரு பைப் போட்டு வீதி வாய்க்காலுக்குத் திறந்துவிடுவதும் தண்டத்துக்குரிய குற்றம். அது மழைநீர் போகும் வாய்க்கால். குசினித் தண்ணீருக்கு முதலில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் பிடிக்கும் சிறு தொட்டி, பிறகு தனிக் குழி அல்லது வாழைப் பாத்தி. எங்கள் பழைய கிணற்றடி வாழைகள் செய்த வேலை அதுதான்.

வேலை தொடங்கிய பிறகு பிளான் மாறுவது வழமை. வெளிநாட்டிலிருந்து மகள் படம் பார்த்து "அந்த அறையை இரண்டடி பெருப்பியுங்கோ" என்பார், மேசனும் கயிற்றை நகர்த்துவார். அந்த இரண்டடி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி. உட்சுவர் நகர்ந்தால் திருத்திய பிளான் கொடுத்துச் சரிப்படுத்தலாம். பின்வெளிக்குள்ளோ கட்டட எல்லைக்கோட்டுக்கு அப்பாலோ போனால் எந்தத் திருத்தமும் அதைக் காப்பாற்றாது. அத்திவாரத்துக்குக் கயிறு கட்டியவுடன், வெட்டுவதற்கு முன், நாலு மூலையிலிருந்தும் எல்லைக்கல் வரை அளந்து ஒப்பமிட்ட பிளானோடு ஒப்பிடுங்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அந்தக் கட்டத்திலேயே வந்து பார்க்கக் கேளுங்கள். கயிற்றை நகர்த்தப் பத்து நிமிடம் போதும். பிளேட், அதாவது கொங்கிரீட் தட்டு, போட்ட பிறகு உடைக்கத்தான் வேண்டும்.

பேமிற் இல்லாமலோ பிளானுக்கு மாறாகவோ கட்டியிருந்தால் சபை வேலையை நிறுத்தும்படியும், திருத்தும்படியும், உடைக்கும்படியும் அறிவித்தல் கொடுக்கலாம். குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கேட்கும். அறிவித்தலை வாங்கி அலுமாரிக்குள் வைப்பது மிகப் பெரிய பிழை. திகதி முடிவதற்கு முன் பிளானோடு சபைக்குப் போய், ஒழுங்குவிதிக்குள் அடங்கும் பகுதிக்கு மேலதிகக் கட்டணம் செலுத்திப் பின்னனுமதி எடுக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். அடங்காத பகுதியை நீங்களே கழற்றிவிடுவது செலவு குறைவு.

பேமிற் ஓராண்டுக்குச் செல்லும். காசு முடிந்து வேலை நின்றால் காலம் முடிவதற்கு முன் நீடிப்பு எடுக்க வேண்டும். வீடு முடிந்ததும், பிளான்படி கட்டியதை உறுதிப்படுத்தும் அமைவுச் சான்றிதழ் எடுக்காமல் குடிபுகுவதும் மீறல்தான். பால் காய்ச்சுகிற நாளுக்கு முன் அதை எடுத்துவிட்டால், பிறகு வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ ஓடித் திரிய வேண்டியதில்லை. முன் அறையைக் கடையாக்குவது, கராஜில் ரியூசன் வகுப்பு நடத்துவது, பல்கலைக்கழகப் பக்கம் வீட்டை மாணவர் விடுதியாக்குவது ஆகியவை பயன்பாட்டு மாற்றம். சுவர் ஒன்றும் கட்டாவிட்டாலும் அனுமதி வேண்டும்.

கட்டுமான நேரத்தில் மணலும் சல்லியும் ஒழுங்கையில் கொட்டப்பட்டால் சபை நடவடிக்கை எடுக்கும். இடமில்லை என்றால் லோட்டைப் பிரித்து இறக்குங்கள். அதைவிடக் கடுமையானது நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குடம்பி கண்டால் வழக்கு நேரே நீதவான் முன் போகும். கட்டுகிற வீட்டில் குடம்பி இருக்குமிடங்கள்: பிளேட்டுக்குக் கட்டி நிறுத்திய தண்ணீர், சீமெந்து குழைக்கிற பீப்பா, பொந்துள்ள கல்லின் துளை, மணலை மூடிய பொலித்தீனின் மடிப்பு. முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு வாரம் அளவில் போதும் என்பதால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். பிளேட்டை நனைக்க நீர் தேக்குவதற்குப் பதில் ஈரச் சாக்கு விரிக்கலாம். குடியிருக்கிற வீட்டில் பீலியில் அடைந்த இலை, சிரட்டை, குரும்பைக் கோம்பை, பிரிட்ஜின் பின்தட்டு. பாவிக்காத கிணற்றுக்கு வலை போடுங்கள், அல்லது குப்பி மீன் விடுங்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடும் பற்றைக் காணியும்தான் மழைக்காலத்தில் சிவப்பு அறிவித்தல் ஒட்டப்படும் இடங்கள். அறிவித்தல் கேற்றில் கிடக்கும், திகதி போய்விடும், அழைப்பாணை வரும். இங்கே உள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தைச் சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொடுத்து வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் பற்றை வெட்டி, பீலி துப்புரவாக்கி, தண்ணீர் ராங்கின் மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள். காணி கைமாறியிருந்தால் ஆதன வரிப் பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அறிவித்தல் பழைய சொந்தக்காரரின் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். ஆண்டு வரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் முழுதாகக் கட்டினால் பத்து சதவீதம் கழிவும் கிடைக்கும். ஒப்பமிட்ட பிளானின் ஒரு பிரதியை உறுதியோடு வையுங்கள், இன்னொன்றை மேசனின் கையில் கொடுங்கள்.